நத்தை தேடிய தையல் டீச்சர்

பள்ளிக்கூடத்தில் அவள் சொல்லிக்கொடுத்தது தையல். தெருவில் அவளுக்குப் பெயர் நத்தை டீச்சர். விடுமுறை விட்டால் கால் ஓரிடத்தில் தரிக்காது. நத்தை தேடி, யாரும் போகாத மலைக்காடுகளில் ஏறிவிடுவாள். அவள் கொண்டுவந்தவற்றில் சில அதுவரை யாருமே பார்த்திராதவை என்று அருங்காட்சியகத்தில் சொன்னார்கள். வீட்டில் மாமியார் சொன்னது வேறு: "எந்த டப்பாவைத் தொறந்தாலும் ஏதோ ஒண்ணு கொம்பை நீட்டுது. சர்க்கரையை நான் எங்கடி தேடறது?"

கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை.

ஒருமுறை அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, ஒரு கால் குட்டையாகிவிட்டது. இனி மலைப் பேச்சே கூடாதென்றார் டாக்டர். கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் அலைந்தாள். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். ஒருநாள் தையல் மெஷினையே எட்டி உதைத்தாள்.

கணவர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றினார். "எங்க போகணும்னு சொல்லு. நானும் வரேன்."

"நீங்களா? மாடி ஏறினாலே தலை சுத்துதும்பீங்களே."

"சுத்தட்டும். நீ வீட்டுக்குள்ள சுத்துறதைப் பார்க்க அது தேவலை."

விழுந்த இடத்துக்கே போக வேண்டும் என்றாள். வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அட்டை கடிக்கக் கடிக்கக் கணவர் முனகிக்கொண்டே நடந்தார். அருவியின் ஓரமாக வழுக்குச் சரிவாக ஏறிய பாறை அவளை நிறுத்திவிட்டது. லென்ஸோடு அவரும் வழிகாட்டியும் மேலே போனார்கள். மதியத்துக்கு மேல் மூச்சிரைக்க இறங்கி வந்த கணவர், பாசிக்குள் கடுகளவு நத்தை இருக்கிறது, ஓடு இடப்பக்கம் சுருண்டிருக்கிறது என்றார்.

அந்த மலையில் அவள் கண்டதெல்லாம் வலப்பக்கம் சுருண்டவை. இது புதுசாகவே இருக்கலாம். ஆனாலும் அவளுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடம் தேடியவள் இவள். போயும் போயும் இந்த மனுஷர் கண்ணிலா படவேண்டும்?

"எடுத்துட்டு வரலையா?"

"நசுங்கிடுமோன்னு பயந்துட்டேன்."

கம்பைக் கீழே போட்டாள். பாறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, பின்பக்கமாகவே மேலே நகர்ந்தாள். அவர் திட்டினார், கெஞ்சினார், கடைசியில் கீழிருந்து தாங்கிக்கொண்டார். முழங்கையெல்லாம் தோல் உரிந்தது. உச்சியில் குப்புறப் படுத்து லென்ஸில் பார்த்தாள். நத்தை அவசரமே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"போதுமா? வீட்டுக்குப் போலாமா?" என்றார் கணவர்.

எதிரே மேகத்துக்குள் இன்னொரு மலை தெரிந்தது. அதற்கு எந்தப் பக்கம் வழி என்று அவள் வழிகாட்டியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த விடுமுறையில் அங்கேயும் போனார்கள். நத்தை ஒன்றும் அகப்படவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். அவர் நெற்றியில் ஒரு கையால் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் வரைபடத்தை விரித்தாள்.