வரைபடத்தில் இல்லாத அறை

மூன்று வருடங்களுக்கு முன்பு, டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்தது இது. இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்லும்போது எங்காவது ஓர் இடத்தில் என்னை நல்லவனாகக் காட்டிக்கொண்டுவிடுவேனோ என்று பயம். இப்போதும் அந்தப் பயம் இருக்கிறது.

எனக்கு ஆம்பூர் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். என்னைவிட ஐந்து வயது மூத்த அக்கா எட்டாவதோடு நின்று, ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போனாள். நான் அமெரிக்கா வந்த வருடம் அப்பா இறந்துபோனார். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்ட வேண்டும் என்பது என் கனவு. பேங்க் லோன் வாங்க இடம் என் ஒருவன் பெயரில் இருந்தால் நல்லது என்றார்கள். "உங்கம்மா போட்டுடுவாங்க. அக்காகிட்டயும் பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது. நீ ஒரு பவர் மட்டும் அனுப்பிடு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்று சித்தப்பா சொல்லியிருந்தார். பெண் பிள்ளைக்கும் சமபங்கு உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உண்டு என்பதால்தானே கையெழுத்தே கேட்கிறோம்.

ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜையில் இந்தோனேசியாக்காரர் ஒருவர் இருந்தார். சுமத்ரா தீவின் மேற்குப் பக்க மலைநாட்டுக்காரர், மினாங்கபாவ் இனம். நான் 'அண்ணா' என்று கூப்பிடுவேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, என்னைத் 'தம்பி' என்பார். மற்ற பேச்செல்லாம் ஆங்கிலம்தான். சாஃப்ட்வேர் டெஸ்டர். எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டார். கேன்டீன் மெனுவைக்கூட அப்படித்தான் படிப்பார்.

அவருடைய லேப்டாப் திரையில் எப்போதும் ஒரே படம் இருக்கும். படிப்படியாக இறங்கும் நெல் வயல், அதற்குப் பின்னால் உச்சியில் புகை கக்கும் ஒரு மலை. மலையின் பெயர் மராப்பி. ஒரு காலத்தில் கடல் மட்டும்தான் இருந்ததாம். தண்ணீர் வற்ற வற்ற அவர்களுடைய முன்னோர்கள் அந்த உச்சியிலிருந்து இறங்கி வந்து, சுற்றியுள்ள மூன்று பள்ளத்தாக்குகளில் குடியேறினார்களாம். வீட்டுக் கூரைகள் இரண்டு பக்கமும் எருமைக் கொம்பு மாதிரி மேலே வளைந்திருக்கும். அதற்கும் ஒரு கதை உண்டு. வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் ஒரு பெரிய எருமையைச் சண்டைக்கு நிறுத்தினார்கள். இவர்கள் பால் மறக்காத ஒரு கன்றைப் பட்டினி போட்டு, மூக்கில் கத்தியைக் கட்டி அவிழ்த்துவிட்டார்கள். அது பெரிய எருமையைத் தாய் என்று நினைத்து, மடியைத் தேடி முட்டப் போயிற்று. அவ்வளவுதான், சண்டை முடிந்தது. இதைக் கேட்டதும் நான் எங்கள் ஜல்லிக்கட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். எங்கள் சோழர்கள் கப்பலில் உங்கள் தீவுக்கு வந்தார்கள் என்றும் சொன்னேன். அவர் அதை மறுக்கவில்லை. "எங்கள் பக்கம் பாறையில் வெட்டிய பழைய வாய்க்கால் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு கரையில் இருந்த கல்வெட்டு உங்கள் தென்னிந்திய எழுத்தில்தான் வெட்டப்பட்டது" என்றார். "பார்த்தீர்களா, எழுதச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான்" என்றேன். "இருக்கலாம். வாய்க்காலை வெட்ட ஆரம்பித்தது மாமா, முடித்தது மருமகன் என்பார்கள். எங்களிடம் மகனுக்குப் போவதில்லை, சகோதரியின் மகனுக்குத்தான் போகும்" என்றார். அதை நான் காதிலேயே வாங்கவில்லை.

அந்த வருடம் பொங்கலுக்கு எங்கள் தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் வைத்தபோது அவரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டிருந்தேன். தேங்காய்ப்பால் சுண்டிச் சுண்டிக் கறுத்துப்போகும் வரை கிளறிய ஒரு கோழிக்கறியை அந்த அம்மா கொண்டுவந்திருந்தார். எல்லோரும் நம்ம ஊர் சுக்கா மாதிரியே இருக்கிறது என்று தட்டை நீட்டினார்கள். சாப்பிட்டுக்கொண்டே ஓர் அங்கிள் அவரிடம் ஊரைப் பற்றி விசாரித்தார். அவரும் வெள்ளந்தியாகச் சொன்னார். தாங்கள் முஸ்லிம்கள்தான், ஆனாலும் பரம்பரை வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும், குலப்பெயரும் தாய் வழிதான். கல்யாணம் ஆனதும் தான் ஒரு பெட்டியோடு மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததையும் சொன்னார்.

"அடப்பாவமே!" என்றார் அங்கிள். "அப்ப இவரு வீட்டோட மாப்பிள்ளையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். நான் எழுந்து நின்று, அந்த வார்த்தையை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். "எங்கள் ஊரில் முதுகெலும்பு இல்லாத ஆம்பளையை இப்படித்தான் சொல்லுவோம்" என்றேன். இரண்டாம் தடவை சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. அவரும் லேசாகச் சிரித்தார். அவர் மனைவி மட்டும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலியான தன் பாத்திரத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் பாயசம் எடுக்கப் போய்விட்டேன். அன்று எனக்கு வெட்கமே வரவில்லை. நன்றாகப் பேசிவிட்ட சந்தோஷத்தில் தூங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து, சித்தப்பா கேட்ட பவர் பத்திரத்தை நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று என் ரூம்மேட். இன்னொருவருக்கு அவரைக் கேட்டேன். பாட்லக்கில் பேசியது எனக்கு நினைவிலேயே இல்லை. அவர் எந்த யோசனையும் இல்லாமல் சனிக்கிழமை காலை வந்து நின்றார்.

பேங்க் திறக்க நேரம் இருந்ததால் என் அபார்ட்மென்டில் உட்கார்ந்து டீ குடித்தோம். அவர் வழக்கம்போலப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். "படிச்சு முடிக்கறதுக்குள்ள பேங்க்க மூடிடுவாண்டா" என்று ரூம்மேட் என் காதைக் கடித்தான். படித்து முடித்ததும், "இதில் சகோதரி எதை விடுகிறார்?" என்று கேட்டார்.

நான் பெருமையாகவே சொன்னேன். எங்கள் ஊரில் அக்கா தங்கைகள் தம்பிக்கு அன்பாக விட்டுக்கொடுத்துவிடுவார்கள், பதிலுக்கு நாங்கள் காலமெல்லாம் சீர் செய்வோம் என்றேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வீட்டு வரைபடத்தையும் எடுத்துக் காட்டினேன். ஊரில் ஒரு இன்ஜினியர் போட்டுக்கொடுத்தது. கீழே ஹால், சமையலறை, பூஜை அறை, அம்மா ரூம். மேலே அட்டாச்டு பாத்ரூமோடு என் ரூம், பக்கத்தில் கெஸ்ட் ரூம்.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். "அக்கா ரூம் எது?"

"அவள் வந்தால் கெஸ்ட் ரூமில் தங்கிக்கொள்வாள்."

"கெஸ்ட்டா?" என்றார். குரலில் கிண்டல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எங்கள் அம்மா வீட்டில் அறைகளெல்லாம் பெண்களுக்குத்தான். எனக்கென்று ஓர் அறை இருந்ததே இல்லை. கொஞ்சம் வளர்ந்ததும் பையன்கள் தொழுகை மண்டபத்தில் போய்ப் படுத்துக்கொள்வோம். இப்போது போனாலும் முன் கூடத்தில் பாய்தான். மனைவி வீட்டிலும் நான் விருந்தாளிதான். சண்டை வந்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியது நான். எப்படியாவது பிழைத்துக்கொள்வேன், ஆண்பிள்ளை. ஆனால் என் சகோதரிகள் எங்கே போவார்கள் என்று அம்மா ஒருநாளும் பயந்ததில்லை." வரைபடத்திலிருந்து விரலை எடுத்து, "உன் அக்கா புருஷன் வீட்டிலும் விருந்தாளி, இங்கேயும் விருந்தாளியா, தம்பி?" என்று கேட்டார்.

ரூம்மேட் டீ கப்பைக் கழுவப் போய்விட்டான்.

அவருக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் காலேஜ் கடைசி வருடம் படிக்கும்போது, ஒருநாள் அக்கா இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு கட்டைப் பையுமாக வீட்டுக்கு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. மாமா குடித்துவிட்டு அடித்திருந்தார். அம்மா அழுதாள். படித்தவன் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குப் பரீட்சை நேரம். வீடும் ஒரே அறைதான். "கொஞ்சம் அனுசரிச்சுப் போக்கா, எல்லாம் சரியாயிடும்" என்றேன். மறுநாள் காலையில் அந்தக் கட்டைப் பையை நானே தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட் பிடித்துக்கொடுத்ததைப் பெரிய உதவி என்று நினைத்தேன். போதாதென்று, கட்டப் போகும் புது வீட்டிலும் அந்தப் பையை வைக்க ஓர் இடம் விடாமல் வரைபடம் போட்டு, அதை ஃபிரிட்ஜில் ஒட்டித் தினமும் ரசித்துக்கொண்டிருந்தேன்.

பேங்க்குக்குப் போனோம். நோட்டரியாக இருந்த பெண்மணி என் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துவிட்டு, "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், உங்கள் சொந்த விருப்பத்தில்தான் கையெழுத்துப் போடுகிறீர்களா?" என்று கேட்டார். வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுதான். "ஆமாம்" என்றேன். எத்தனையோ மைல் தள்ளி இருக்கும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறது. அக்காவிடம் நான் கேட்டேனா?

அவர் கையெழுத்துப் போடமாட்டார் என்று நினைத்தேன். போடாமல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், கோபப்படவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஆனால் பேனாவை வாங்கி நிதானமாகப் போட்டார். வெளியே வந்ததும், "ஏன் போட்டீர்கள்?" என்று கேட்டேன். "கையெழுத்துப் போட்டது நீதான் என்பதற்குத்தானே நான் சாட்சி. அது நீதான்" என்றார்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, பவர் அனுப்சிட்டியா? சித்தப்பா கேட்டுக்கினே கீறாரு."

"அனுப்பலக்கா. ஒண்ணு கேக்கணும். வீட்ல உனக்குப் பங்கு வேணுமா வேணாமான்னு நாங்க யாரும் உன்னக் கேக்கவே இல்லியே."

குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"இப்ப இன்னாத்துக்கு இதெல்லாம்? ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரணும்னு சொல்லி வர்ற வெள்ளிக்கெழமைக்கு லீவு வேற சொல்ட்டேன். அந்த சூப்பர்வைசர் லீவு குடுக்கறதுக்குள்ள என் உசுர எடுத்துட்டான்."

"வேணாங்க்கா. நீ கையெழுத்துப் போட வேணாம்."

"அப்ப வெள்ளிக்கெழம வேலைக்குப் போவட்டா, வேணாமா? அத்த மொதல்ல சொல்லு."

"போக்கா."

கொஞ்சம் தைரியம் வந்து, "அக்கா, அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல நான்…" என்று ஆரம்பித்தேன்.

"அத்த உடு" என்று வெட்டினாள். "துணி ஊறிக்கினு கீது. வெக்கிறேன்." வைத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க நான் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் என்னிடமே தங்கிப்போயின. இன்றுவரை அவள் அதைக் கேட்கவிட்டதில்லை.

பத்திரத்தைக் கிழித்துப் போட்டேன். வரைபடத்தில் அக்காவுக்கும் ஓர் அறை போடச் சொல்லி, அதை அவளுக்கும் மெசேஜில் தெரிவித்தேன். சித்தப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் நான் அந்த அண்ணன் வீட்டுக்குப் போய், பாட்லக்கில் பேசியதற்காக இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி ஆச்சரியப்பட்டார். "மாமியார் வீட்டில் இருப்பது ஒரு திட்டா? அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தானே!" என்றார். அந்த அம்மா கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

அதற்கும் பத்து நாள் கழித்து, அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ஷூ கம்பெனி மெஷின்களின் சத்தம். "டேய், ரூமுன்னு ஒண்ணு போட்டின்னா ஜன்னல ரோட்டுப் பக்கம் வெக்காத. கெணத்துப் பக்கம் வை. காத்து வரும்." அவ்வளவுதான்.

இடம் இப்போது அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர் பெயரில் இருக்கிறது. லோன் இழுத்துக்கொண்டே போவதால் வீடு இன்னும் பாதியில்தான் நிற்கிறது. ஆனால் கிணற்றுப் பக்கத்து ஜன்னலுக்குச் சட்டம் வைத்தாயிற்று. அதற்கு யாராவது என்னைப் பாராட்டினால் காது மடல் சூடாகிவிடுகிறது. யாருடைய வீட்டு வரைபடத்தைப் பார்த்தாலும், அந்த வீட்டில் பிறந்த பெண் ஒருநாள் திரும்பி வந்தால் கையிலிருக்கும் பையை எங்கே வைப்பாள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது. அந்தக் கேள்வி, பையைத் தூக்கிப்போய் பஸ் ஏற்றிய எனக்குத் தானாகத் தோன்றவில்லை, நான் கேலி செய்த ஒரு மனிதர் வந்து கேட்க வேண்டியிருந்தது என்ற வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை.