நெத்திலி என்று எப்படித் தெரிந்தது?

"சொந்த ஊரு எது?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொள்வது என் பழக்கம். பெங்களூரில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் இதைக் கேட்பது பெரும்பாலும் ஊரைத் தெரிந்துகொள்வதற்காக அல்ல. ஊருக்கு அடுத்து தெரு, தெருவுக்கு அடுத்து அப்பாவின் வேலை, அதற்கும் அடுத்து நம்மை எங்கே உட்காரவைப்பது என்று பேச்சு போய்விடும். கோலார் தங்கவயல் என்று நான் சொன்னதும் சிலர் "ஓ" என்பார்கள். அந்த "ஓ"வில் எத்தனை வகை உண்டு என்பது எனக்கு அத்துப்படி.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம் அது. நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காலம் முழுக்கப் பூமிக்கு அடியில் இறங்கி ஏறிய அப்பா, பகலெல்லாம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். தம்பி படித்துக்கொண்டிருந்தான். என் வேலையை நம்பித்தான் வீடு ஓடியது. வேலையோ ஷிஃப்ட் வேலை. ஊரிலிருந்து ரயிலில் வந்துபோனால் ஒருநாளும் நேரத்துக்கு வந்து சேர முடியாது. ஆபீஸுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு பி.ஜி.யில் கட்டில் கிடைத்திருந்தது. அந்தக் கட்டில் போனால் வேலையும் போய்விடும் என்ற பயத்திலேயே அங்கே இருந்தேன்.

பி.ஜி. நடத்திய ஆண்டி மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். மகன் இங்கே வீடு கட்டியதால் வந்து கீழ்த்தளத்தில் குடியிருந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியை "இந்தக் காடு" என்றுதான் சொல்வார். காட்டில் இருந்தாலும் அவர் வீட்டில் முட்டைகூட நுழையக் கூடாது என்பது சட்டம்.

என் அறையில் இன்னொரு கட்டில் ஒரு அக்காவுடையது. என்னைவிட நாலைந்து வயது பெரியவள். வேறு கம்பெனி. சொந்த ஊர் வேலூர், அப்பா பேங்கில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர், வீட்டில் சுத்த சைவம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். நான் ஊர் பேரைச் சொன்னேன். "ஓ" என்றாள். இதுவரை கேட்ட "ஓ"க்களில் அது சேரவில்லை. கொஞ்சம் அவசரமாக வந்து, உடனே வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அவள் என்னோடு ஒரே கொடியில் துணி காயப்போடுவதில்லை. நான் குடித்த டம்ளரை எடுத்துத் தனியாகக் கவிழ்த்துவைப்பாள். நான் போனில் அம்மாவோடு பேசும்போது பக்கத்தில் யாராவது இருந்தால், "அவங்க ஊர்ப் பேச்சே அப்படித்தான்" என்று சிரிப்பாள். ஆண்டிக்குக்கூட என்னைப் பற்றி இவ்வளவு அக்கறை கிடையாது. அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வம். மல்லேஸ்வரத்துக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. அக்காதான் ஓயாமல் என்னைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. இவளுக்கு என்ன கஷ்டம்?

ஒருமுறை ஊரிலிருந்து வரும்போது அம்மா கருவாட்டுத் தொக்கை ஒரு பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டாள். நான் பையைத் திறக்கக்கூட இல்லை. அக்கா உள்ளே வந்தாள், நின்றாள், மூக்கைப் பொத்திக்கொண்டு நேராகக் கீழே இறங்கிப் போனாள்.

"ஆண்டி, ரூம்ல நெத்திலிக் கருவாடு!"

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அங்கேயே ஒன்று உறைத்தது. கருவாடு தின்னாத வீட்டுப் பிள்ளை "மீன் நாத்தம்" என்று சொல்லும். மிஞ்சிப்போனால் "கருவாடு" என்று சொல்லும். மூடி திறக்காத பாட்டிலில் இருப்பது நெத்திலியா வாளையா என்று பேங்க் மேனேஜர் மகளுக்கு எப்படித் தெரிந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்டி என்னை ஹாலுக்குக் கூப்பிட்டார். அக்கா ஏற்கெனவே சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, நம்ம வீட்ல இதெல்லாம் பேடா, வேணாம்னு மொதல்லயே சொன்னேன்தானே?"

"தப்புதான் ஆண்டி. அம்மா தெரியாம வச்சுட்டாங்க."

"இவங்கெல்லாம் இப்படித்தான் ஆண்டி," என்றாள் அக்கா. "லேபர் லைன்லயே வளந்தவங்க. சொன்னாலும் புரியாது."

"அப்ப இந்த மாசத்தோட காலி பண்ணிடும்மா," என்றார் ஆண்டி, காபியை ஆற்றிக்கொண்டே.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தரை ஒரு முறை தூக்கிப்போட்டது. சமையலறைத் தட்டில் இருந்த பாத்திரங்கள் கிடுகிடுவென்று ஆடின. ஆண்டி காபியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். அக்கா ஓடவில்லை. விருட்டென்று எழுந்து நின்று, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எந்த ஷாஃப்ட்டு?"

எங்கள் ஊரில் பூமிக்கு அடியில் பாறை வெடித்தால் மேலே வீடுகளில் பாத்திரம் ஆடும். அந்த நொடியில் அடுப்படியில் இருக்கும் பெண்களும் பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகளும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். எந்தச் சுரங்கக் குழி என்று தெரிந்தால்தான் யார் வீட்டு ஆள் உள்ளே இருக்கிறார் என்று தெரியும். வேலூரில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். என் வாயிலும் அதே கேள்விதான் வந்து நின்றிருந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"என்ன ஷாஃப்ட்? என்ன சொல்றா இவ?" என்று கேட்டுக்கொண்டே ஆண்டி திரும்பி வந்தார்.

நான் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அவசரமாக ஆண்டி பக்கம் திரும்பினாள். "ஒண்ணுமில்ல ஆண்டி. இந்த ஒரு தடவ விட்டுடுங்க. சின்னப் பொண்ணு," என்றாள்.

"இன்னொரு தடவை வாசனை வந்தா அன்னைக்கே வெளியே," என்று ஆண்டி முடித்தார். கட்டில் தப்பியது. அறைக்குப் போனதும் அக்கா என் கையைப் பிடித்து, "யாருகிட்டயும் சொல்லாத," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனதும் அம்மாவிடம் ஆளை வர்ணித்தேன். உயரம், மோவாயில் தழும்பு, சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வது. எங்கள் பக்கத்து லைன்களில் எந்த வீட்டில் எந்தப் பெண் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். இரண்டு லைன் தள்ளி ஒரு வீட்டைச் சொன்னாள். பள்ளிக்கூடம் முடித்ததும் வெளியூர் போய்விட்ட பெண்ணாம், எனக்கு முகம் நினைவில்லை. நம்பாமல் நானே போய்ப் பார்த்தேன். சுவரில் பள்ளிக்கூடச் சீருடையில் அதே மோவாய், அதே தழும்பு. படத்துக்குக் கீழே ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். பாறைத் தூசி தின்ற நெஞ்சு. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாம்.

"அது கூடவா கீறே? நல்லா கீதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல வேல ஜாஸ்தியாம். ரெண்டு தீவாளிக்கு வரல. பாவம், இன்னா பண்ணும்!"

கிளம்பும்போது ஒரு பொட்டலத்தை நீட்டினார். செய்தித்தாளைச் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். பிரிக்காமலே தெரிந்தது, நெத்திலிக் கருவாடு.

"இது இல்லாங்காட்டி அதுக்குச் சோறு எறங்காதும்மா."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதோடு, அக்காவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் ஆசையும் எனக்கு இருந்தது.

பிளாஸ்டிக் கவர்களுக்குள் சுற்றிக் கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டு அவள் மடியில் வைத்தேன். "உங்க அப்பா குடுத்தாரு," என்றேன். அவள் கவர்களை நீக்கி அந்த முடிச்சைத் தடவினாள். பிரிக்கவில்லை. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் படியில் ஆண்டியின் காலடிச் சத்தம் கேட்டது. பொட்டலத்தைச் சட்டென்று என் கட்டிலுக்குத் தள்ளினாள்.

"யாரோடது இது?" என்றார் ஆண்டி, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு.

"நான் அப்பவே சொன்னேனே ஆண்டி," என்றாள் அக்கா.

ஒரு வாக்கியம் போதும், அவளையும் என்னோடு சேர்த்து வெளியே தள்ளியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சாட்சிக்கு அந்தப் பெரியவரை இந்த வீட்டு வாசலில் நிறுத்தி, இவள் "யார் அது?" என்று கேட்பதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

"எங்க அப்பா குடுத்தது ஆண்டி," என்றேன். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை.

"குப்பையில போட்டுட்டு, இன்னைக்கே கெளம்பு," என்றார் ஆண்டி.

பெங்களூரிலேயே தூரத்தில், ஒக்கலிபுரத்தில் சித்தி வீட்டுக் கூடத்தில் ஒரு மூலை கிடைத்தது. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, பல நாள் திட்டு வாங்கி, எப்படியோ அந்த வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். அது வேறு கதை.

அன்று சாயங்காலம் பெட்டியைக் கட்டினேன். பாத்ரூமிலிருந்து சோப்பையும் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு திரும்பியபோது என் கட்டிலில் பொட்டலம் இல்லை. குப்பைக் கூடையைப் பார்த்தேன், அதிலும் இல்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். எப்போதும் திறந்தே கிடக்கும் அவள் அலமாரி பூட்டியிருந்தது. வாசனை அங்கிருந்துதான் வந்தது.

நான் போன பிறகு அந்த வாசனைக்கு இவள் யாரைக் கைகாட்டுவாள் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.