கோணல் வாய்த் தவளை

ஸ்டூடியோவில் அவளுக்கு வாயக்கா என்றுதான் பெயர். வாயாடி என்பதால் அல்ல, அந்தத் தகுதியும் அவளுக்கு உண்டு என்றாலும். டிவியில் செய்திக்கும் நாடகத்துக்கும் நடுவே இரண்டு நிமிடப் பாட்டுப் படம் வருமே, பல் முளைக்காத பிள்ளையும் பல் போன தாத்தாவும் சேர்ந்து பார்ப்பது, அதில் பாடுகிற ஆடு, மாடு, அண்டா, குண்டா அத்தனைக்கும் பதினெட்டு வருடமாக வாய் வரைபவள் அவள்தான். பாட்டைத் துண்டு துண்டாகத் தானே பாடி, கண்ணாடியில் தன் வாய் போகிற போக்கைப் பார்த்து வரைவாள்.

ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது தண்ணீர் வாயில் நிற்காமல் வழிந்தது. முகவாதம். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். பத்தே நாளில் வேலைக்கு வந்து தவளைப் பாட்டுக்கு வாய் வரைய உட்கார்ந்தாள்.

படத்தைப் போட்டுப் பார்த்த அன்று புது நிகழ்ச்சி அதிகாரி பாதியில் நிறுத்தினார். "ஏம்மா, தவளைக்கு வாய் கோணியிருக்கு?"

வாயக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியில் தெரிந்ததை அப்படியே வரைந்திருக்கிறாள், அவளுக்கே தெரியவில்லை. அறையில் இருந்தவர்கள் தவளையைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். அவள் கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமைக்குள்ள நேராக்குங்க. முடியலன்னா வேற ஆளப் போட்டுக்கறேன். நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க."

அந்த ரெஸ்ட்தான் அவளைக் கிளப்பிவிட்டது.

"சொன்னதச் செஞ்சுட்டுப் போயேன், எதுக்கு வம்பு?" என்றார் வீட்டுக்காரர்.

"நேரா வரைய எனக்குத் தெரியாதா? கண்ண மூடிக்கிட்டு வரைவேன். வரைய மாட்டேங்க. அந்த வாய் பாடலயா? ஒரு இடத்துல தாளம் தப்புச்சா?"

திங்கட்கிழமை தவளை இருந்தபடியே இருந்தது. கூடப் பாடுகிற கொக்கு, நண்டு, ஆமை, கரையில் குடை பிடித்த கிழவர் எல்லோருடைய வாயையும்தான் மாற்றியிருந்தாள். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், கிழவருக்கு இரண்டு பக்கமும்.

"என்னம்மா இது, எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கீங்க! சாயங்காலம் ஒளிபரப்பு!"

"அதுல எது கோணல்னு காட்டுங்க சார், திருத்திடறேன்."

மனிதர் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். நேரான வாய் ஒன்றுகூட இல்லாத கூட்டத்தில் கோணலுக்கு எங்கே போவது? மூன்றாம் தடவை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போடுங்க" என்றார்.

வாயக்காவும் சிரித்தாள். வாதம் வந்த பிறகு கையால் வாயை மறைக்காமல் அவள் சிரித்தது அன்றுதான்.