ஏசியை நிறுத்திய ஆல்பம்

அந்த ஆல்பத்தைப் பாட்டு என்று சொன்னால் எங்கள் ஊரில் அடிக்க வருவார்கள். ஜப்பான்காரர் ஒருவர் செய்தது. ராகம் இல்லை, தாளம் இல்லை, பாடுகிறவரும் இல்லை. ஒரு மணி நேரம் தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரே இரைச்சல். அட்டையில் உள்ள எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த மனிதருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

துபாயில் ஜெனரேட்டர் மெக்கானிக்காகப் பத்து வருடமாக இன்றுவரை ஒரே கம்பெனியில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு காதுக்குள் ஒரு விசில் தொடங்கியது. டியூட்டியில் தெரியாது. ரூமுக்கு வந்து படுத்தால் ஊதும். தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இன்ஜின் கோளாறைக் காதால் பிடிப்பதுதான் என் பிழைப்பு. காது கெட்ட மெக்கானிக்கை எவன் வைத்துக்கொள்வான்? விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன்.

மழைச் சத்தம் கேட்டால் விசில் அடங்கும் என்று எங்கோ படித்துவிட்டு போனில் தேடினேன். மழை போதவில்லை. அருவி, ரயில் என்று ஒன்று மாற்றி ஒன்று காட்டிய போன், கடைசியில் இந்த ஜப்பான்காரரிடம் கொண்டுபோய் விட்டது. சத்தத்தைக் குறைத்து வைத்தே கேட்டேன். விசில் காணாமல் போனது. முள்ளை முள்ளால் எடுத்துவிட்டார் மனிதர். அன்று அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஒரு ஜூலை மாத லீவு நாள். துபாய் கராமா பகுதியில் எங்கள் ரூமில் ஆறு பேரும் மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். நான் ஆல்பத்தை ஓடவிட்டேன். பாழாய்ப்போன போன் இயர்போனை விட்டுவிட்டு, ஏசிக்குக் கீழே இருந்த ரூம் ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டது.

"கம்ப்ரசர் போச்சுடா, ஆஃப் பண்ணு" என்று ஒருவர் ரிமோட்டுக்குப் பாய்ந்தார். இன்னொருவர் மெயினையே அணைத்தார். மூன்றாமவர் ஏசி மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டார். ஏசி நின்றது. பேட்டரி ஸ்பீக்கர் நிற்கவில்லை.

கையும் களவுமாக மாட்டிய பிறகு எதை மறைப்பது? வியர்வை வழிய நின்ற ஐந்து பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்கு நம்ம மிக்சியே பரவாயில்லயே" என்றார் ரிமோட்காரர். உடனே, "நாளைக்கு டாக்டர்ட்ட போவோம். கம்பெனி அனுப்புனா அனுப்பட்டும், வேற வேலை கிடைக்காதா? நாங்க அஞ்சு பேரு இருக்கோம்ல" என்றார். இதைக் கேட்கவா இத்தனை மாதம் பயந்தேன் என்று இருந்தது.

மூலைக் கட்டில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பட்டறையில் கிரைண்டர் பிடிக்கிறவர். டிவியை எப்போதும் அலறவிடுவார். அதற்காக அவரை அதிகம் திட்டியவன் நான்தான்.

"எனக்கும் ஊதுதுடா தம்பி" என்றார். "அஞ்சு வருசமாச்சு. வீட்டுலகூடச் சொல்லல."

நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, இயர்போனை அவர் காதில் வைத்து, ஆல்பத்தை முதலிலிருந்து போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நின்னுருச்சுடா" என்றார்.