எஸ்தர் பாடினால் அம்மா அழுவாள்

போன வாரம் சென்னையிலிருந்து திருத்தணி வரும் மின்சார ரயிலில், அரக்கோணம் தாண்டியதும் எதிரே இருந்த பெண் டிபன் பாக்ஸைத் திறந்தாள். புளிச்சக்கீரைத் தொக்கு. வெறும் சோற்றின் நடுவில் குழி பண்ணி, அதில் கரும்பச்சையாக ஓர் உருண்டை, ஓரமெல்லாம் நல்லெண்ணெய். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு வயிற்றில் சுருக்கென்று பொறாமை வந்தது. இந்த வயதிலா என்று நீங்கள் கேட்கலாம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற வயதுதான். ஆனாலும் வந்தது. நான் பார்த்த பார்வையைப் பசி என்று நினைத்த அந்தப் பெண், "கொஞ்சம் சாப்பிடறீங்களா ஆன்ட்டி?" என்றாள். வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் மூக்கைத் திருப்ப முடியவில்லை.

அந்தத் தொக்கை எங்கள் வீட்டுக்கு முதலில் கொண்டுவந்தவள் எஸ்தர். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எங்கள் திருத்தணிக் கிறிஸ்தவ சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிக்கொள்ள வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அப்போது எனக்குத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. ஊரிலிருந்து வெளியூருக்கு டிரங்க் கால் போடுகிறவர்களுக்கெல்லாம் என் குரல் தெரியும். "லைன் கிடைக்கலைங்க" என்று நான் சொன்னால்கூடக் கேட்க நன்றாக இருக்கிறது என்று ஒரு அரிசி மண்டிக்காரர் சொல்லியிருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லை. நானும் அம்மாவும்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டை முதலில் எடுத்துக் கொடுப்பது அப்பாவின் வேலையாக இருந்தது. அவர் போன பிறகு அது என்னிடம் வந்தது. எங்கள் கோயிலில் ஒரு ஆர்மோனியம் உண்டு. அதற்கு மழைக்காலத்தில் ஆஸ்துமா வந்துவிடும். ஆகவே என் தொண்டைதான் சபைக்குச் சுருதி. நான் எடுத்த உயரத்துக்குத்தான் எல்லோரும் ஏற வேண்டும். பெருமையாக இருந்தது என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாகும்.

சபையில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. நகரிப் பக்கத்திலிருந்தும் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்தும் வந்து தங்கியவர்கள். எல்லோருக்கும் இரண்டும் புரியும். ஆராதனை மட்டும் தமிழில். மெட்டு ஒன்றாக இருக்கும் பாட்டுகளைத் தெலுங்குக்காரர்கள் மெதுவாகத் தங்கள் மொழியில் முணுமுணுத்துக்கொள்வார்கள்.

எஸ்தரின் கணவர் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். ரேணிகுண்டாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவர்கள் வந்த முதல் ஞாயிறு, போதகர் மரியாதைக்காக, "புதுசா வந்திருக்கிற சகோதரி ஒரு பாட்டு பாடலாமே" என்றார். இப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு மூக்குத்தியைத் திருகுவார்கள். இவள் பாயில் உட்கார்ந்தபடியே, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே பாடிவிட்டாள். தெலுங்குப் பாட்டு. இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. கீழே போகும்போது கரகரக்கும். ஆனால் அது பாட்டாக இல்லை, யாரையோ கூப்பிடுவதாக இருந்தது. கோயிலில் இருமல் நின்றது. நான் அவளிடம் என்ன தப்பு இருக்கிறது என்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் தாளம் இழுத்தது. அப்பாடா என்று பக்கத்தில் திரும்பினேன். என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னாள்: "யாரு பெத்த பொண்ணோ. இன்னாமா பாடறா பாரு."

அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொன்னேன். அம்மா நம்பினாள். என் பாட்டைக் கேட்டு அவள் ஒருநாளும் அழுததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கஷ்டகாலம். போதகர் அந்த மாதம் கிறிஸ்தவ நற்குணங்களைப் பற்றி வரிசையாகப் பிரசங்கம் செய்தார். நீடிய பொறுமைக்கு ஒரு வாரம், தயவுக்கு ஒரு வாரம். அன்புக்கு வந்தபோது, அது எதையெல்லாம் செய்யாது என்று அடுக்கிக்கொண்டே போனார். பொறாமை என்ற சொல் வந்ததும் நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எஸ்தர் என் அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

ஆம், அதற்குள் அவள் அம்மாவின் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டாள். அவளுடைய சொந்த வீட்டார் பொதட்டூர்பேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பம். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து அவள் முகத்தில் விழிப்பதில்லை. பிரசவத்துக்குக்கூடத் தாய் வரவில்லை. இதையெல்லாம் அவள் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா என்னிடம் சொன்னாள். கேட்டு எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக என் அம்மாவையா எடுத்துக்கொள்வது என்றும் இருந்தது. இரண்டும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எஸ்தர் வந்த பிறகு தெலுங்குக் குடும்பங்களுக்குத் தைரியம் வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது தெலுங்கில் ஆராதனை வேண்டும் என்றார்கள். தமிழ்ப் பெரியவர்கள் முறைத்தார்கள். கமிட்டிக் கூட்டத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்று பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் தெலுங்குக்காரர்கள், தனியாக ஒரு வீடு வாடகைக்கு எடுத்துக் கூடிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தமிழ்ப் பெரியவர்களில் ஒருவர், சாமுவேல் வாத்தியார், எங்கள் வீட்டுக்கே வந்து என்னிடம் ஆதரவு கேட்டார்.

"போறவங்க போகட்டும்மா. உன் பாட்டு இருக்கசொல்லோ நமக்கு இன்னா குறைச்சல்? கூட்டத்துல நீயும் ஒரு வார்த்த சொல்லு."

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். எஸ்தர் அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. எஸ்தர் தனிச் சபைக்குப் போனால் அம்மாவும் அங்கேதான் போவாள். நான் இங்கே வெறும் பாயைப் பார்த்துப் பாடிக்கொண்டிருக்க வேண்டும்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். சபை ஒரே சரீரம், அதைக் கூறு போடக் கூடாது, மாதம் ஒரு ஞாயிறு தெலுங்கில் நடக்கட்டும், பிரிந்து போகும் பேச்சே வேண்டாம் என்று பேசினேன். டிரங்க் கால் குரலில் பேசினேன். போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் கிறிஸ்துவின் சிந்தை" என்றார். சாமுவேல் வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐக்கியத்துக்காக அந்தச் சபையில் என்னைவிட உருக்கமாகப் பேசியவர்கள் இல்லை. காரணத்தை யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

ஆனாலும் கூட்டம் முடிவெடுக்காமல்தான் கலைந்தது. வீடு பார்க்கும் வேலையும் நிற்கவில்லை. அதற்குள் அம்மா படுத்துவிட்டாள்.

வயிற்றில் கட்டி. வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டி, திரும்பக் கொண்டுவந்தோம். எதைக் கொடுத்தாலும் வாய் கசக்கிறது என்பாள். நான் ரசம் வைத்தேன், கஞ்சி வைத்தேன், பால் பாயசம்கூட வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எஸ்தர் ஒரு கிண்ணத்தில் புளிச்சக்கீரைத் தொக்கு கொண்டுவந்தாள். சோற்றை மசித்து, தொக்கைத் தொட்டும் தொடாமலும் கலந்து ஊட்டினாள். அம்மா வாயைத் திறந்தாள். குருவிக் குஞ்சு மாதிரி திறந்தாள். நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

எஸ்தர் போன பிறகு கேட்டே விட்டேன். "ஏம்மா, அவ பாடினா அழுவுற. என் பாட்டுக்கு ஒருநாளாவது அழுதிருக்கியா?"

அம்மா தலையணையில் என் பக்கம் திரும்பினாள்.

"நீ பாடறப்போ எங்க தப்பு பண்ணிடுவியோன்னு பயந்துகினு கெடப்பேன். அழறதுக்கு எங்கடி நேரம்?"

போர்வையைச் சரி பண்ணிவிட்டு எழுந்து போனேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அம்மா போய்ச் சேர்ந்தாள். திருத்தணியில் ஆடிக் கிருத்திகை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மலைப் படியில் மட்டுமல்ல, ஊரில் எந்தத் தெருவிலும் கால் வைக்க இடம் இருக்காது. காவடிக்குப் பின்னால் காவடி, மஞ்சள் துணி, பம்பை, அரோகரா. எங்கள் கல்லறைத் தோட்டமோ பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலை முனைக்கு வந்து நின்றோம். தாண்ட வழியில்லை. தமிழ்க் குடும்பங்கள் முன்னால், தெலுங்குக் குடும்பங்கள் கொஞ்சம் தள்ளிப் பின்னால். துக்கத்திலும் அந்த இடைவெளியை விடவில்லை.

புஷ்பக் காவடி எடுத்து வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டார். காவடியை இறக்காமலே ஒரு கையைத் தூக்கினார். "பெட்டி வர்து பாரு. மேளத்த நிறுத்துப்பா. வழி வுடுங்க."

ஒரு பம்பை நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஜனம் இரண்டாகப் பிளந்து ஒதுங்கியது. அத்தனை பேர் நின்ற இடத்தில் சத்தமே இல்லாமல் போயிற்று. போதகர் என்னைப் பார்த்தார். பாட்டை எடுக்க வேண்டியது நான். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். சபை காத்துக்கொண்டிருந்தது. காவடிக்காரர்களும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலிருந்து எஸ்தர் எடுத்தாள். தெலுங்கில். அந்தக் கரகரத்த குரலில், என் அம்மாவை அம்மா என்று கூப்பிடுகிற உரிமையோடு பாடினாள்.

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது துக்கமா என்று கேட்டால், இல்லை. இது என் அம்மா, எஸ்தரைத் தனியாகப் பாட விடமாட்டேன் என்றுதான் வந்தது. எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது. அதே மெட்டில் தமிழில் சேர்ந்துகொண்டேன். சொல்லப்போனால் அவளைவிட ஒரு பிடி உயர்த்திப் பாடினேன். அவள் விடவில்லை. மேலே வந்தாள். எங்கள் இருவருக்கும் பின்னால் சபை இரண்டு மொழியிலும் சேர்ந்துகொண்டது. சாலையைக் கடந்து முடிக்கும்போது யார் முன்னால், யார் பின்னால் என்று இல்லை. சாமுவேல் வாத்தியார் பெட்டியின் ஒரு பக்கம், எஸ்தரின் கணவர் மறுபக்கம்.

கல்லறையில் மண் போட்ட பிறகு எஸ்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உம்மேல எனக்கு எம்மாம் வயித்தெரிச்சல் தெரியுமாக்கா?" என்றாள். "நீ பாடசொல்லோ அம்மா மூச்சப் புடிச்சிகினு உன்னையே பாப்பாங்க. நான் பாடினா அழுதுட்டு மூக்கச் சிந்திப் போட்டுடுவாங்க. அவ்ளோதான்."

"ஆங்" என்றேன். இருவரும் ஒரே முந்தானையில், அவளுடையதில், முகத்தைத் துடைத்துக்கொண்டோம்.

வாடகை வீட்டுப் பேச்சு அதோடு நின்றது. யாரும் தீர்மானம் போடவில்லை. அடுத்த ஞாயிறு ஒவ்வொரு பாட்டும் தானாகவே இரண்டு மொழியில் வந்தது. கேட்கக் கொஞ்சம் சந்தைக்கடை மாதிரிதான் இருந்தது. எஸ்தரும் நானும் எதிரெதிர் பாயில் உட்கார்ந்து, யார் குரல் மேலே என்று வருஷக்கணக்கில் போட்டி போட்டோம். எங்கள் சபையைப் போலப் பாடுகிற சபை இந்தப் பக்கத்தில் இல்லை என்று வெளியூர்ப் போதகர்கள் சொல்வார்கள்.

கணவர் ஓய்வு பெற்றதும் எஸ்தர் மகனோடு குண்டக்கல் பக்கம் போய்விட்டாள். பண்டிகைக்குப் போன் பண்ணுவாள். குரல் எப்படி இருக்கிறது என்று இரண்டு பேருமே ஜாக்கிரதையாகக் கேட்டுக்கொள்வோம். பிறகு ஒருநாள் அவள் மகன்தான் பேசினான், அடக்கம் என்றைக்கு என்று சொல்ல.

இப்போது காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு ஆராதனை. சண்டை போட்டுப் பிரியவில்லை. வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று ஆரம்பித்தது, அப்படியே ஆகிவிட்டது. கீபோர்டு இருக்கிறது, பாட்டுவரிகள் திரையில் ஓடுகின்றன. போன மாதம் ஆண்டறிக்கை வாசித்த புதுப் போதகர், சபையில் எந்தப் பிணக்கும் இல்லை, அனைவரும் ஐக்கியமாக இருக்கிறோம் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். வெளியே வரும்போது அடுத்த ஆராதனைக்கு வந்தவர்கள் வாசலில் ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டார்கள். நல்ல மரியாதை. அவர்களில் ஒருத்தி பச்சைப் புடவை கட்டிக்கொண்டு ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எப்படிப் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. பெயரும் தெரியாது.