மந்திரி தனியாக இருக்கிறார்

“அப்படியே லெஃப்ட்ல திருப்புங்க. ஸ்டியரிங்கை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க, அது எங்கயும் ஓடிப்போகாது. ம்… மெதுவா. இப்ப ஓரமா நிறுத்துங்க.”

நிறுத்தும்படி சாலையில் ஒன்றும் இல்லை. ஆள் குறுக்கே வரவில்லை, சிவப்பு விளக்கும் கிடையாது. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் எதிரே, மர நிழலில், தலையில் ஓட்டுநர் பள்ளிப் பலகையைச் சுமந்த பழைய கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. மாஸ்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே பார்க்கிறார். இரண்டாம் மாடியிலிருந்து நீளமாக ஓர் ஊளை கிளம்புகிறது. அது ஓய்ந்த இடத்தில் இன்னொன்று ஆரம்பிக்கிறது. “கேட்டீங்களா? காலையிலேருந்து இதே கச்சேரிதான்” என்கிறார். கார் ஓட்டக் கற்க வந்தவர் என்ன சொல்வார், பாவம்! கேட்டேன் என்று தலையாட்டுகிறார்.

மாஸ்டரிடம் படித்தவர்களில் இந்தத் தெருவில் ஓட்டிப் பழகாதவர் ஒருவரும் கிடையாது. பின்னால் எடுப்பது இங்கே, மேட்டில் நிறுத்தி எடுப்பது இங்கே, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் சொருகுவதும் இங்கேதான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் உரிமத் தேர்வுக்குப் போனார். பக்கத்தில் இருந்த அதிகாரி “நேரா போங்க, நேரா போங்க” என்று சொல்லச் சொல்ல, மனிதரின் கை தானாக இடதுபக்க விளக்கைப் போட்டுவிட்டது. கார் இந்தத் தெருவுக்குள் நுழைந்து இதே கட்டடத்தின் எதிரே வந்து நின்றது. தேறவில்லை. ஆனால் நிறுத்தினது சுத்தமாக இருந்தது என்று அதிகாரியே சொன்னாராம்.

மாஸ்டர் பருத்த மனிதர். பேச்சு மெதுவாக வரும், கோபம் வரவே வராது. கற்க வருகிறவர் காரை வேலியில் கொண்டுபோய் முட்டினாலும் “பரவால்ல, தப்பு பண்ணத்தானே வந்திருக்கீங்க” என்பார். அவர் இருக்கைக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் காலை வைத்தே ஆயுசில் பாதி ஓடிவிட்டதால் மனிதருக்குக் கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனாலும் மிதிப்பார். பல் வைத்தியர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தபோதும் மிதித்தார். வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவியில் கார் பந்தயம் பார்த்தால் தரை தேய்ந்துவிடும் என்பது அவர் மனைவியின் புகார்.

அந்த மனைவிதான் இப்போது வீட்டில் இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, கடல் தாண்டி. உதவிக்குப் போன அம்மாள் இந்தா வருகிறேன், அந்தா வருகிறேன் என்று மாதத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். அந்த இரண்டாம் மாடி வீட்டில் மிச்சம் இருப்பது மாஸ்டரும் மந்திரியும்.

மந்திரி என்பது நாய். டீ நிறம். ஒரு காது நிற்கும், மற்றது விழும். குட்டியாக வந்த நாளிலிருந்தே ஒரு வேலையும் செய்யாமல் நடுக்கூடத்தில் சாய்ந்துகொண்டு, வருவோர் போவோரை எல்லாம் விசாரணை செய்வது போலப் பார்த்ததால் அந்த அம்மாள் வைத்த பெயர். அவர் வீட்டைவிட்டு அதிகம் நகராதவர். அதனால் மந்திரிக்குத் தனிமை என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்று. அவர் போன பிறகு முதல் வாரம் வாசலைப் பார்த்தபடியே கிடந்தது. அதற்குப் பிறகு மாஸ்டர் வேலைக்குக் கிளம்பினாலே ஊளைதான். கதவின் அடிப்பாகத்தைக் கீறி வைத்தது. மெத்தை ஒன்றைக் கிழித்துக் கூடம் முழுக்கப் பஞ்சு பறக்கவிட்டது. நடுங்கி, எச்சில் ஒழுக, அது பட்ட பாட்டைப் பார்த்து மாஸ்டர் அழுதேவிட்டார்.

மனைவியிடம் இதை எல்லாம் சொல்வாரா? மூச்சு விடவில்லை. தினமும் போனில் பேசுவார்கள்.

“சாப்ட்டாச்சாங்க?”

“ஆச்சு. தோசை சுட்டேன், கொஞ்சம் தீஞ்சுபோச்சு.”

“உங்களைக் கேக்கல. அவன் சாப்ட்டானா?”

“நல்லாச் சாப்ட்டான். சமத்தா இருக்கான்” என்பார் மாஸ்டர், கிழிந்த மெத்தையைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளிக்கொண்டே.

கட்டடத்தில் ஆளாளுக்குப் புகார் சொன்னார்கள். வீட்டு ஓனரம்மா ஒரு நாள் படியேறி வந்தார். நல்ல மாதிரி, அதட்டிப் பேசத் தெரியாதவர். அதனால் மாஸ்டருக்கு எதிர்த்துப் பேசவும் வழியில்லை.

“எனக்கு நாய் மேல ஒண்ணும் கோபம் இல்ல மாஸ்டர். ஆனா நாலு குடும்பம் இருக்கிற இடம். இந்த மாசத்துக்குள்ள ஒரு வழி பண்ணிடுங்க. என் தம்பிக்குத் தோட்டம் இருக்கு, அங்க ஒரு ஓரமாக் கட்டிப் போட்டுடலாம்.”

கட்டிப் போடுவதா? கழுத்தில் சங்கிலி ஏறாத நாய் அது. போனால் திரும்பி வராது. ஒரு நாள் மனைவி பெட்டியும் கையுமாக வந்து கதவைத் திறந்து “மந்திரீ” என்று கூப்பிடுவாளே, அப்போது என்ன பதில் சொல்வது? அதை நினைக்கும்போதெல்லாம் கால் தானாகத் தரையை மிதித்தது.

மந்திரியையும் கூட்டிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார். அந்த இளம்பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கிளம்பும்போது என்ன பண்றீங்க, செஞ்சு காட்டுங்க” என்றார். மாஸ்டர் அங்கேயே மண்டியிட்டார். மந்திரியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அப்பா போயிட்டு வந்துடறேன்டா கண்ணு. பயப்படாத. எங்க போகப்போறேன்? இங்கதான் பக்கத்துல இருப்பேன். அழக் கூடாது, என்ன?” என்று சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. மந்திரியும் நடுங்க ஆரம்பித்தது.

“இதைக் கேட்டா எனக்கே பயமா இருக்கு. நீங்க திரும்பியே வரமாட்டீங்களோன்னு தோணுது” என்றார் டாக்டர். “கிளம்பும்போது ஒரு வார்த்தை பேசாதீங்க. வந்ததும் கொஞ்சாதீங்க, அது அடங்கின பிறகு தொட்டா போதும். வெளிய போய் ஒரு நிமிஷத்துல வாங்க. அப்புறம் ரெண்டு. அப்படியே நேரத்தைக் கூட்டுங்க.”

“சொல்லாம கொள்ளாம எப்படி டாக்டர் கிளம்பறது?” என்று கேட்டார் மாஸ்டர். டாக்டர் சிரித்துவிட்டார். மாஸ்டர் சிரிக்கவில்லை. சொல்லாமல் கிளம்புவது அவருக்கு மரியாதைக் குறைவு.

இருந்தாலும் செய்தார். லீவு போட்டுச் செய்தார். சட்டையை மாட்டுவது, கதவைத் திறப்பது, வெளியே போய்ப் படியில் உட்காருவது, உள்ளே வருவது. மறுபடி வெளியே. மேல்வீட்டுத் தாத்தா இறங்கும்போது பார்த்து “சாவியத் தொலைச்சுட்டீங்களா?” என்றார். ஏறும்போது பார்த்து “இன்னும் கிடைக்கலயா?” என்றார். மாஸ்டர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். தாத்தா என்ன புரிந்துகொண்டாரோ, தானும் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

பலனும் தெரிந்தது. டாக்டர் சொன்னபடி உருட்டி உருட்டித் தின்பதற்குத் தீனி அடைத்த ரப்பர் பந்து ஒன்றைப் போட்டுவிட்டு, மாஸ்டர் மீண்டும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஆனால் சொன்னேனே, காரில் அந்தத் தெரு வழியாக எப்போது வந்தாலும் ஊளை. காலையில் வந்தால் ஊளை, மதியம் வந்தால் ஊளை. சில சமயம் தாங்க முடியாமல், கற்றுக்கொள்ள வந்தவரைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு, “கண்ணாடியைச் சரி பண்ணிப் பழகிட்டிருங்க, ரெண்டு நிமிஷத்துல வரேன்” என்று மேலே ஓடுவார். கட்டிப்பிடிப்பார், சமாதானம் சொல்வார், மறுபடி ஓடி வருவார். மாதமோ தேய்ந்துகொண்டிருந்தது. நாள் பூரா கத்துகிறதே, இனி தோட்டம்தான் என்று அவர் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

முடிச்சை அவிழ்த்தது கீழ்வீட்டு நர்ஸ். அவருக்கு நைட் டியூட்டி. பகலில்தான் தூக்கம், அதுவும் மந்திரிக்கு நேர் கீழே. கட்டடத்திலேயே அதிகம் அவதிப்பட்டவர் அவர், புகார் சொல்லாதவரும் அவர்தான். ஒரு நாள் மாஸ்டர் அப்படி மேலே ஓடிவிட்டு இறங்கும்போது, கண் சிவக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்து வழியை மறித்தார்.

“மாஸ்டர், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்க சிஸ்டர். தப்புதான். இந்த மாசத்தோட அனுப்பிடறேன்.”

“அதில்ல. நீங்க காலையில போனதும் கொஞ்சம் அழுவான். அப்புறம் பந்து உருளும். அப்புறம் தூங்கிடுவான். நானும் தூங்கிடுவேன். திடீர்னு உங்க கார் வரும், அந்தக் கீச்சு கீச்சுனு ஒரு சத்தம் போடுமே. உடனே எந்திரிச்சுக் கத்துவான். நீங்க ஓடி வந்து கொஞ்சிட்டுப் போவீங்க. போனதும் மறுபடி முதல்லேருந்து. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவனை விட்டுட்டுப் போவீங்க?”

மாஸ்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காருக்கு அந்தக் கீச்சு ரொம்ப நாளாக உண்டு. அதற்குள்ளேயே வாழ்பவர் என்பதால் அவர் காதில் விழுவதே இல்லை. “நான்தானா?” என்றார். “நீங்கதான்” என்றார் நர்ஸ், கொட்டாவியோடு. பிறகு பாவமாக இருந்ததோ என்னவோ, “உங்களுக்கும் விட்டுட்டு இருக்க முடியல, அவ்வளவுதான்” என்று சேர்த்துக்கொண்டார்.

மாஸ்டர் நேரே ஓனரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் நம்பியும் நம்பாமலும், “ஒரு நாள் நானே வந்து உட்காந்து கேக்கறேன். என் காதால கேட்டாத்தான் மத்தவங்களுக்குப் பதில் சொல்ல முடியும்” என்றார். சொன்னபடியே ஒரு காலை, பிளாஸ்கில் காபியும் கையில் பத்திரிகையுமாக நர்ஸ் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். மாஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் கிளம்பினார். அன்று ஒரு தடவை கார் அந்தப் பக்கம் போனாலும் காரியம் கெட்டுவிடும். ஒரு நீள ஊளை போதும், மந்திரிக்குத் தோட்டத்துச் சங்கிலி.

அன்றைக்கு அவரிடம் கற்றவர்கள் பாக்கியசாலிகள். மைதானத்துச் சாலை, ரயில்வே மேம்பாலம், சந்தைக் கூட்டம் என்று ஊரில் இத்தனை இடங்கள் இருப்பதையே அப்போதுதான் பார்த்தார்கள். கடைசியாக வந்த வங்கிக்காரப் பெண், “இந்த ரோட்டுக்கெல்லாம் நாம வந்ததே இல்லையே மாஸ்டர்” என்று ஆச்சரியப்பட்டார். திரும்பும்போது அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். முனை வந்தது. பெண்ணின் கை பழக்கத்தில் இடதுபக்க விளக்கைப் போட்டது.

“நேரா” என்றார் மாஸ்டர். கார் நடுச் சாலையில் குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின.

“மாஸ்டர், நான் ஒண்ணும் பண்ணல!”

“தெரியும்மா. நான்தான்.” அவர் கால் பிரேக்கில் அழுந்திக் கிடந்தது. தலை தெருப்பக்கம் திரும்பியிருந்தது. இத்தனை ஹாரனுக்கு நடுவே என்ன கேட்கும்? “போய் எட்டிப் பாத்துட்டு வந்துடலாமா மாஸ்டர்? ஒரு நிமிஷம்தானே” என்றார் பெண், விஷயம் தெரிந்தவர். ஆமாம் என்ற வார்த்தை மாஸ்டரின் வாய் வரை வந்துவிட்டது. “வேணாம்மா. நேரா போங்க” என்று இன்னொரு வார்த்தை அதை முந்திக்கொண்டது. பிறகு காலை எடுத்தார். அந்தக் காலை எடுக்க அவர் பட்ட சிரமத்தைப் பார்த்துத் தனக்கே அழுகை வந்தது என்று அந்தப் பெண் பிறகு வங்கியில் எல்லோரிடமும் சொன்னார்.

சாயங்காலம் ஓனரம்மா படியிலேயே எதிர்ப்பட்டார். கன்னத்தில் நாற்காலியின் வரி பதிந்திருந்தது.

“காலையில கொஞ்சம் அழுதுச்சு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் சத்தமே இல்ல மாஸ்டர். அது தூங்குச்சோ இல்லையோ, நான் நல்லாத் தூங்கிட்டேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “தோட்டம்லாம் வேணாம். இங்கயே இருக்கட்டும்” என்றார்.

மாஸ்டர் நன்றி சொன்னாரா என்பதே அவருக்கு நினைவில்லை. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினார். பூட்டைத் திறந்து, நெஞ்சில் பாய்ந்து விழப்போகிறவனைத் தாங்குவதற்குக் கதவோரம் காலை ஊன்றி நின்றார்.

ஒருவரும் பாயவில்லை. மந்திரி சோபாவில் நான்கு காலையும் மேலே விட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, வாலை ஒரு தட்டுத் தட்டியது, கண்ணை மூடிக்கொண்டது. குறட்டையும் தொடர்ந்தது.

இதற்குத்தானே இத்தனை பாடு! மாஸ்டருக்கு மனம் நிறைந்துதான் போயிற்று. ஆனாலும் உள்ளே எங்கோ ஓரிடத்தில் சுருக்கென்றது. நாள் முழுக்க ஒரு மனிதன் வெளியே போய்விட்டு வந்திருக்கிறான், யாருக்கும் ஒன்றும் இல்லையா? சோபா ஓரத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தார். டாக்டர் சொன்னதெல்லாம் நன்றாக நினைவிருந்தது. வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, தொண்டையைச் சற்றுப் பலமாகவே செருமினார்.