நம்பிக்கையான ஏஜெண்டு கார்த்திகேசு

நாடகம் தொடங்க நேரம் இருக்கும்போதே கார்த்திகேசு கூட்டத்துக்குள் புகுந்து கைகுலுக்கத் தொடங்கிவிடுவார். பூ அச்சிட்ட முழுக்கை பாத்தேக் சட்டை, கைக்கொரு கைப்பேசி, அவர் லிஃப்டைவிட்டு இறங்கிய பிறகும் இறங்காத அத்தர் வாசம். யார் பிள்ளை என்ன படிக்கிறது, யாருக்கு முட்டி வலி என்று விசாரித்துக்கொண்டே போவார். வெளிநாட்டில் பெரிய ஹோட்டலில் வேலை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், இப்போதைக்கு ஐ.சி.யை, அதான் அடையாள அட்டையை, மட்டும் கொடுங்கள் என்பார். கொடுத்துவிடுவார்கள். கொண்டோ குடியிருப்பு வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம் ஐ.சி.யை நீட்டிப் பழகிப்போன ஊர் இது. கேட்டால் கை தானாக நீளும்.

எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு மேடையேறி, "இனிமே நீங்கள்லாம் என் சொத்து" என்று அவர் சொல்லும்போதுதான், நாடகம் எப்போதோ தொடங்கிவிட்டது என்று சனங்களுக்குப் புரியும். ஆள்கடத்தலைப் பற்றி நாடகம் போட்டு, வெள்ளைத் துணியில் குறும்படமும் காட்டும் பிரிக்பீல்ட்ஸ் குழு ஒன்றின் ஆஸ்தான வில்லன் அவர். ஐ.சி.களைத் திருப்பிக் கொடுக்கத்தான் நேரம் பிடிக்கும். கொடுத்ததையே மறந்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களைத் தேடிக்கொண்டு அவர் படியேற வேண்டும்.

பகலில் அவர் இன்சூரன்ஸ் விற்கும் காப்புறுதி முகவர். அந்த வேலையில் அவரை ஏறெடுத்துப் பார்ப்பவர் கிடையாது. தெரிந்தவர்கள் அவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குத் தாவிவிடுவார்கள். அவருடைய சொந்த மச்சானே ஒருமுறை கழிப்பறைக்குள் போய், அவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. "உண்மைய சொல்லி விக்கப்போனா வீட்ல இல்லங்கிறான். பொய் சொன்னா ஐ.சி.யும் குடுத்து தே தாரேக் டீயும் வாங்கித் தரான் லா" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் அந்த அலுப்பில் ஒரு நடிகனின் பெருமையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

குழுவை நடத்தும் லோகேஸ்வரி டீச்சர், அவருக்குப் பெரிய மீசையும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிவிட ஆசைப்பட்டார். கார்த்திகேசு கேட்கவில்லை. "பாத்தவொடனே கெட்டவன்னு தெரிஞ்சா எவன் லா ஏமாறுவான்?" அந்தப் பிடிவாதத்துக்குத் தண்டனை கிள்ளான் ஊர்க் காட்சியில் கிடைத்தது. நாடகம் முடிந்து, படம் முடிந்து, துணியைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மா அவரைத் தனியாக அழைத்து, அந்த ஹோட்டலில் தன் மகனுக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டார். அன்று கார்த்திகேசுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தான் நடிப்பதால் நாலு பேர் தப்பிக்கிறார்களா, இல்லை நன்றாக ஏமாறப் பழகிக்கொள்கிறார்களா என்ற சந்தேகம் அப்போது பிடித்ததுதான்.

போன மாதம் கம்போங் மேடான் அடுக்குமாடியில் ஒரு காட்சி. முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த அவரிடம் ரமணி என்ற பெண் வந்து நின்றாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது, தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். கம்போடியாவில் கம்ப்யூட்டர் வேலையாம், ஞாயிற்றுக்கிழமை விமானமாம். தன்னுடைய ஏஜெண்டு உங்களைப் போல இல்லை, ரொம்ப நல்லவர் என்றாள்.

கார்த்திகேசு அவள் கைப்பேசியிலேயே அந்த நல்லவரை அழைத்து, தன்னை அவளுடைய மாமா என்று சொல்லி ஒலிபெருக்கியில் போட்டார். மறுமுனை தேனாகக் குழைந்தது. அங்கிள் சாப்பிட்டாச்சா என்றது. முட்டி வலி தேவலையா என்றது. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று கார்த்திகேசுவின் வசனத்தை, அவர் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு, அப்படியே ஒப்பித்தது. கடைசியில் அங்கிளுக்கும் சூப்பர்வைசர் வேலை இருக்கிறது, ஐ.சி.யைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றது. கார்த்திகேசுவின் கை சட்டைப்பைக்குப் போயேவிட்டது. டீச்சர் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"என்னையவிட நல்லா பண்றான் லா" என்று கார்த்திகேசு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ரமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இது வீட்ல இருந்தா ஞாயித்துக்கெழம மனசு மாறிடும் அங்கிள். பிள்ளைங்க மொகத்தப் பாத்தா, இதுங்களுக்காகவாவது சம்பாதிக்கணும்னு கெளம்பிருவேன். ஒரு வாரத்துக்கு நீங்களே வச்சுக்குங்க."

கார்த்திகேசு அந்தப் பாஸ்போர்ட்டையே பார்த்தார். இத்தனை நாள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதெல்லாம் இந்த ஒருத்திக்காவது உறைத்துவிட்டது. ஆனால் உறைத்தபிறகும் அவள் நீட்டுகிறாள், அதுவும் அவரிடமே.

"யார்கிட்டயும் குடுக்காதம்மா. எங்கிட்டயும்தான். ஞாயித்துக்கெழம நானும் டீச்சரும் ஒன் வீட்டுக்கு வந்து ஒக்காந்துக்குறோம். வேற வேலைக்கும் அலைஞ்சு பாப்போம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "இன்சூரன்ஸ் பேச மாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கார்த்திகேசு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் அதைத் தன் பைக்குள் திரும்ப வைத்து ஸிப்பை இழுத்து மூடும்வரை அப்படியே நின்றார்.